மவுத் ஆர்கன்ல மதுரை மணி!

ஹாஸ்டல் மொட்டை மாடி - வாரா வாரம்

'இன்று இரவு 12 பார்... அனைவரும் மாடிக்கு வரவும்'னு மெஸ் வாசல்ல ஒரு நோட்டீஸ் ஒட்டிப் பாருங்க. நாற்பது பேர் அடிச்சுப் பிடிச்சு வந்து நிப்பாங்க. அது டாஸ்மாக் சமாச்சாரம் இல்ல, பாட்டு சமாச்சாரம்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம் முப்பத்தேழு பேர் அபீட்! மிச்சமிருக்குற அந்த மூணு நல்ல உள்ளங்களுக்குத்தான் இந்த வாரம்.

மேட்டர் சிம்பிள். அமெரிக்காவுல கறுப்பின மக்கள் உருவாக்கின ப்ளூஸ் இசையில '12 பார்'னு ஒரு கட்டம் இருக்கு. அந்தக் கட்டத்துக்குள்ள மவுத் ஆர்கனை வெச்சு, யாரோ எழுதிக் கொடுத்ததை இல்லாம, நமக்கு அந்த நேரத்துல தோணுறதை வாசிக்கணும். அதுக்கு ரெண்டு சரக்கு வேணும். ஒண்ணு 'லிக்'. நாலஞ்சு நோட்டுல முடியற குட்டித் துண்டு. இன்னொண்ணு 'ஃபில்'. பாடுறவர் வரியை முடிச்சுட்டு மூச்சு வாங்குற இடைவெளியில நாம செருகுற பதில்.

"மதுரையில உக்காந்துக்கிட்டு எதுக்கு மாப்ள சிகாகோ வேலை?" நியாயமான கேள்வி. ஆனா குட்டித் துண்டுகளை அடுக்கி, தாளம் பிசகாம, நினைச்ச இடத்துல வந்து இறங்குற வித்தையில பெரிய கில்லாடி ஒருத்தர் நம்ம ஊர்லயே பிறந்திருக்காரே! 1912-ல பிறந்த மதுரை மணி அய்யர். அவர் பாடினது கர்னாடக சங்கீதம். 1959-ல சங்கீத கலாநிதி பட்டம் வாங்கினவர். ப்ளூஸுக்கும் அவருக்கும் நேரடியா எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. இருந்தாலும் அவரோட கல்பனா ஸ்வரத்தை ஹெட்போன்ல கேட்டுட்டு, அடுத்ததா லிட்டில் வால்டரோட மவுத் ஆர்கனைக் கேட்டா, ரெண்டு பேரும் ஒரே வேலையைத்தான் பார்க்குறாங்கன்னு புரியும். எப்படின்னு வர்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு வயித்தெரிச்சல். நம்ம கல்ச்சுரல்ஸ் லைட் மியூசிக் போட்டிகளை எடுத்துக்குங்க. யாரு அச்சு அசலா ரெக்கார்டுல இருக்குற மாதிரியே வாசிக்கிறாங்களோ அவங்களுக்கு கப். இன்டர்லூடுல ஒரு நோட் மாறினா மார்க் காலி. ஸ்கூல்ல கோனார் நோட்ஸை மனப்பாடம் பண்ணின பழக்கம் மேடை வரைக்கும் கூடவே வருது. போன வருஷம் ஒரு காலேஜ்ல பார்த்தேன். பாதிப் பாட்டுல ட்ராக் நின்னு போச்சு. மேடையில கிடார் இருக்கு, கீபோர்டு இருக்கு, நல்லா வாசிக்கத் தெரிஞ்ச நாலு பேர் இருக்காங்க. நாலு பேரும் சிலை! ஒருத்தருக்கும் அடுத்த நாலு பீட்டுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. பாடிட்டிருந்த பொண்ணு அழுதுக்கிட்டே இறங்கிப் போச்சு. திறமை இல்லாம இல்ல. கையில சில்லறை இல்ல, அவ்வளவுதான். லிக்குங்கறது அந்தச் சில்லறை.

சரி, கடைக்குப் போவோம்

திருவிழாக் கடையில, ஃபேன்ஸி ஸ்டோர்ல கிடைக்கிறது பெரும்பாலும் ரெண்டு வரிசையா நிறைய துளை இருக்குற 'ட்ரெமலோ' டைப். ஒரு நோட்டுக்கு ரெண்டு ரீடு, லேசா சுருதி தள்ளி வெச்சிருப்பாங்க. அதனாலதான் அந்த நடுங்குற சத்தம். சினிமா மெட்டுக்கு ஜோரா இருக்கும். ப்ளூஸுக்கு ஆகாது, ஏன்னா நோட்டை வளைக்க முடியாது. நீங்க கேட்க வேண்டியது ஒரே வரிசையில 10 துளை இருக்குற 'டயடோனிக்'. முதல்ல சி கீ போதும். ஜெர்மனியில மத்தியாஸ் ஹோனர் 1857-ல ஆரம்பிச்ச கம்பெனி, 1896-ல 'மரைன் பேண்ட்'னு ஒரு மாடல் விட்டுச்சு. வால்ஸ், போல்காவுக்குன்னு செஞ்ச அந்த ஜெர்மன் பெட்டியைத்தான் மிசிசிப்பி பருத்திக்காட்டு ஆளுங்க வேற மாதிரி பிடிச்சு வேற மாதிரி வாசிச்சாங்க. சட்டைப் பையில அடங்கும், விலையும் குறைவு, வேற என்ன வேணும்?

('ஷோலே'ல அமிதாப் வாசிப்பாரே, அதுதானேன்னு கேக்குறவங்களுக்கு: 1975-ல அதை நிஜமா வாசிச்சவர் பானு குப்தா. ஆர்.டி.பர்மன் குழுவுல கிடாரும் அவர்தான்.)

ஒரு மதுரைக்கார எச்சரிக்கை. பரோட்டா சால்னா முடிச்ச கையோட வாசிக்காதீங்க. வாயைக் கொப்பளிச்சுட்டு வாங்க. ரீடுக்குள்ள சால்னா போனா அப்புறம் எந்த ராகமும் வராது, வாசனைதான் வரும்.

ஒரே பெட்டி, ரெண்டு ராகம்

ஒவ்வொரு துளையிலயும் ஊதினா ஒரு நோட், இழுத்தா ஒரு நோட். எங்க ரூம்ல 'ஊ', 'இ'ன்னு குறிச்சு வெச்சிருக்கோம். ஊ4-ன்னா நாலாவது துளையில ஊதணும், இ4-ன்னா அதே துளையில மூச்சை இழுக்கணும்.

சி கீ பெட்டியில ஊ4-ல ஆரம்பிச்சு ஊ4, இ4, ஊ5, இ5, ஊ6, இ6, இ7, ஊ7-ன்னு போங்க. ச ரி க ம ப த நி ச. இது பக்கா சங்கராபரணம். வெள்ளைக்காரன் பாஷையில மேஜர் ஸ்கேல். மதுரை மணி அய்யர் பாடிப் பாடி ஊரெல்லாம் பிரபலமாக்கின 'இங்கிலீஷ் நோட்' இருக்கே, அதுவும் சங்கராபரணம்தான். மெட்டுப் போட்டவர் அவரோட குரு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். பேண்டு வாத்தியம் மாதிரி துள்ளிக்கிட்டுப் போகும். மவுத் ஆர்கன் கையில வந்த முதல் வாரம் அதைத் தேடிப் பிடிச்சு வாசிங்க, விரலுக்குப் பதிலா உதட்டுக்கு நல்ல எக்ஸர்சைஸ்.

இப்போ ட்விஸ்ட். ப்ளூஸ்காரங்க 'ச'வை ஊ4-ல வைக்க மாட்டாங்க. இ2-க்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அது ஜி நோட், அதாவது சங்கராபரணத்தோட 'ப'. சங்கராபரணத்துல பஞ்சமத்தை ஷட்ஜமா வெச்சுப் பாடினா என்ன வரும்? பாட்டு கிளாஸுக்குப் போன தோழிங்ககிட்ட கேளுங்க, டக்குனு சொல்லுவாங்க: ஹரிகாம்போஜி! கிரக பேதம்னு பேரு. மேற்கத்தியர்கள் இதையே 'கிராஸ் ஹார்ப்', இரண்டாம் பொசிஷன்னு சொல்றாங்க. பெட்டி அதேதான், வீடு மட்டும் மாறிடுச்சு.

வீடு மாறினதுல என்ன லாபம்? முக்கியமான நோட்டெல்லாம் இழுக்குற பக்கம் வந்துடும். இ1-லேர்ந்து இ5 வரைக்கும் ப, ச, க, ப, நி. இந்த 'நி' கைசிகி நிஷாதம், அதுதான் ப்ளூஸுக்கு அந்தப் புளிப்பைக் கொடுக்குறது. தவிர, இழுக்குற நோட்டைத்தான் இந்தப் பகுதியில வளைக்க முடியும். சுருக்கமா, ப்ளூஸ் மவுத் ஆர்கன் ஊதுற வாத்தியமே இல்ல பாஸ், இழுக்குற வாத்தியம்.

வளைக்கிறது எப்படின்னா, ஒவ்வொரு துளைக்கும் உள்ள ஒரே அறையில ரெண்டு ரீடு இருக்கும். ஒண்ணு ஊதுறதுக்கு, ஒண்ணு இழுக்குறதுக்கு. 1-லேர்ந்து 6 வரைக்கும் இழுக்குற ரீடுதான் சுருதியில மேல. நீங்க மெதுவா இழுத்துக்கிட்டே வாய்க்குள்ள இருக்குற இடத்தைப் பெருசாக்கினா, அதோட அதிர்வு கீழே இறங்கும். இழுக்குற ரீடு அடங்க, சும்மா இருந்த ஊதுற ரீடும் சேர்ந்து அதிர ஆரம்பிக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்குற நோட்டெல்லாம் உங்களுக்குக் கிடைக்கும். மூணாவது துளையில ரெண்டுக்கும் இடைவெளி அதிகம், அதனால அங்க மூணு அரை ஸ்வரம் கிடைக்கும். அஞ்சாவதுல ரொம்ப நெருக்கம், லேசா அசைக்கத்தான் முடியும். (ரெசொனன்ஸ்னு ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்ல ஒரு சேப்டர் வந்துச்சே, அரியர் வெச்சவங்களுக்குக் கூட ஞாபகம் இருக்கும்.)

பயிற்சி? 'ஈ'ன்னு நாக்கை வெச்சு இழுக்க ஆரம்பிச்சு, மெல்ல 'ஊ'க்கு மாத்துங்க. பலமா இழுக்கவே கூடாது, ரீடுதான் செத்துப்போகும். இ4-ல முதல்ல வரும். இ3-ல சரியான இடத்துல நிறுத்த மாசக்கணக்காகும். நாதஸ்வரக்காரங்க சீவாளியில உதட்டையும் மூச்சையும் மாத்தி மாத்தி கமகம் கொண்டு வருவாங்கள்ல, கிட்டத்தட்ட அந்த ஜாதி வேலை. 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு நாதஸ்வரம் வாசிச்ச எம்.பி.என்.சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் நம்ம மதுரைக்காரங்க. அவங்க காந்தாரத்தை எப்படி அசைக்கிறாங்கன்னு கேட்டுட்டு வந்தா, ப்ளூஸோட 'நீல நோட்டு' எதுக்காக ரெண்டு காந்தாரத்துக்கும் நடுவுல தொங்குதுன்னு காதுக்கே புரிஞ்சிடும். அமெரிக்கப் பையன்கள் சிரமப்பட்டுக் கத்துக்குற அந்தச் சுருதி நமக்குக் கல்யாண வீட்டுலயே ஃப்ரீயா கிடைக்குது!

ஆறு ஆவர்த்தனம்

12 பார்ங்கறது 12 தடவை நாலு பீட். மொத்தம் 48. ஆதி தாளம் போடத் தெரிஞ்சா 8 அட்சரம் கணக்குல சரியா 6 ஆவர்த்தனம். ஓட்டம் மட்டும் 'தகிட தகிட'ன்னு திஸ்ர நடை மாதிரி, முதலும் மூணாவதும் அழுத்தமா. அதைத்தான் ஷஃபிள்னு சொல்றாங்க.

கிடார்காரர் அடிக்கிற கார்டு இப்படிப் போகும்: முதல் நாலு பார் ஜி. அடுத்த ரெண்டு சி, அடுத்த ரெண்டு ஜி. ஒன்பதாவது டி, பத்தாவது சி, பதினொண்ணு ஜி, பன்னிரண்டாவதுல ஜி-யில ஆரம்பிச்சு டி-க்குத் தாவி, திரும்பவும் முதல்லேர்ந்து. உலகத்துல எந்த மூலையில ரெண்டு ப்ளூஸ் ஆளுங்க சந்திச்சாலும் ரிகர்சல் இல்லாம சேர்ந்து வாசிக்க முடியுதுன்னா காரணம் இந்தக் கட்டம்தான்.

ஜி, சி, டி மூணும் நமக்கு ச, ம, ப. இதை நான் மனசுல வெச்சிருக்கறது பஸ் ஸ்டாண்டு கணக்குல. ச - பெரியார். ம - ஆரப்பாளையம். ப - மாட்டுத்தாவணி. நடுவுல எந்தத் தெருவுல வேணா சுத்துங்க, எந்தச் சந்துல வேணா புகுந்து வாங்க. ஜி ஓடும்போது பெரியார்ல இறங்கணும் (இ2). சி-க்கு ஆரப்பாளையம் (ஊ4). டி-க்கு மாட்டுத்தாவணி (இ4, இல்லேன்னா கீழ இ1). இறங்குற ஸ்டாப் சரியா இருந்தா வழியில தடுமாறினதை யாரும் கவனிக்கவே மாட்டாங்க. ஸ்டாப் தப்பினா, வழியெல்லாம் எவ்வளவு அழகா வந்திருந்தாலும் வேஸ்ட்.

ஒரு லிக், ஒரு வாரம்

இதான் முதல் லிக். இ2, வளைச்ச இ3, ஊ4, இ4. ஸ்வரமா சொன்னா ச க ம ப. காந்தாரம் சாதாரண காந்தாரம், அதாவது இ3-ஐ அரை ஸ்வரம் கீழே இறக்கி. மேல போனதும் அப்படியே திரும்பி ப ம க ச. இதோட கைசிகி நிஷாதத்தையும் சேர்த்தா சுத்த தன்யாசி ராகம் வந்து நிக்கும். அதுல இ4-ஐ லேசா வளைச்சு பிரதி மத்யமம் ஒண்ணைச் சொருகினா அமெரிக்காக்காரங்க 'ப்ளூஸ் ஸ்கேல்'னு புத்தகத்துல போடுறது ரெடி.

நிறைய பேர் இந்த இடத்துலதான் தடம் மாறிப் போறாங்க. நெட்ல '100 ப்ளூஸ் லிக்ஸ்'னு பார்த்துட்டு, நாளுக்கு அஞ்சு மனப்பாடம் பண்ணி, இருபதாவது நாள்ல ஒண்ணும் ஞாபகம் இல்லாம நிப்பாங்க. மறுபடியும் கோனார் நோட்ஸ்! என்னைக் கேட்டா நூறு லிக் வேண்டாம். ஒண்ணை எடுத்து நூறு தடவை புரட்டுங்க.

மணி அய்யரைக் கவனிக்க வேண்டியது இங்கதான். அவர் ஸ்வரம் பாடும்போது பயங்கரக் கணக்கு வழக்கு, மண்டையைப் பிளக்குற கோர்வைன்னு மிரட்ட மாட்டார். தாளம் எப்படி நடக்குதோ அதோட தோள்ல கை போட்டுக்கிட்டு நடக்குற சர்வலகு ஸ்வரங்கள்தான் அவரோட முத்திரை. சின்னச் சின்ன ஸ்வரக் கொத்து. அது ஒரு தடவை வரும், வாலை மாத்திக்கிட்டு இன்னொரு தடவை வரும், ஒரு ஸ்வரம் தள்ளி மூணாவது தடவை வரும். எல்லாம் முடிஞ்சு பல்லவி வரி ஆரம்பிக்கிற எடுப்புல பூ மாதிரி வந்து உக்காரும். கேக்குறவங்களுக்கு அடுத்து என்ன வரப்போகுதுன்னு பாதி தெரியும், பாதி தெரியாது. சுகமே அந்தப் பாதியிலதான்.

லிட்டில் வால்டர் 1952-ல சிகாகோவுல பதிவு பண்ணின 'ஜூக்' கேளுங்க. அப்போ அவருக்கு வயசு 22, கிட்டத்தட்ட நம்ம செட்டு! பாட்டே கிடையாது, முழுக்க மவுத் ஆர்கன். அமெரிக்க ஆர் அண்டு பி பட்டியல்ல எட்டு வாரம் முதலிடம். மைக்கையும் பெட்டியையும் சேர்த்துக் கைக்குள்ள பொத்தி, கிடார் ஆம்ப்ல சொருகி வாசிக்கிறது அவரோட ஸ்டைல். சாக்ஸபோன் மாதிரி கர்ஜிக்கும். ஆனா உள்ள என்ன இருக்குன்னு பார்த்தா, ஒவ்வொரு 12 பார் சுத்துக்கும் ஒரு சின்ன ஐடியா. அதையே திருப்பி, அழுத்தி, வெட்டி வாசிக்கிறார். அடுத்த சுத்துக்கு வேற ஐடியா. நூறு விஷயம் சொல்ற அவசரமே அவர்கிட்ட கிடையாது. (அவர் இறந்தது 1968 பிப்ரவரி. மணி அய்யர் அதே வருஷம் ஜூன். ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்னு மாடியில ஒரு ராத்திரி முழுக்கப் பேசியிருக்கோம்.)

இப்போ நம்ம ச க ம ப-வைப் புரட்டுவோம். முதல் பீட்டை விட்டுட்டு ரெண்டாவதுலேர்ந்து ஆரம்பிச்சுப் பாருங்க. நோட்டு அதேதான், ஆனா புது லிக் மாதிரி கேக்கும். அப்புறம் கடைசி ரெண்டு நோட்டை மட்டும் எடுத்து 'மப, மப, மப'ன்னு மூணு தடவை. அப்புறம் 'ப'வில நின்னு பிடிச்சு, கையால பெட்டியை மூடித் திறந்து 'வா...வ்'னு அழ விடுங்க. அப்புறம் குறைப்பு. தனி ஆவர்த்தனத்துல மிருதங்கமும் கடமும் மாத்தி மாத்தி அளவைக் குறைச்சுக்கிட்டே வருவாங்களே, அதே மாதிரி முதல்ல ரெண்டு பார் நீளத்துல ஒரு சொல், அப்புறம் ஒரு பார், அப்புறம் அரை பார். நாலு நோட்டை இடம் மாத்தி அடுக்கினா 24 வரிசை வரும்னு எம்-1 பேப்பர்ல படிச்சோம். தயவுசெஞ்சு 24-ஐயும் வாசிக்காதீங்க, பக்கத்து ரூம்காரன் செருப்போட வருவான்.

கார்டு மாறும்போது மட்டும் கவனம். சி வரும்போது அதே லிக்கை 'ம'வுல இறக்குங்க: ச க ம, ப ம. அங்க இ3-ஐ வளைக்காம வெறுமனே வாசிச்சா சி கார்டோட உரசிக்கும். வளைச்சா தேனா ஒட்டும். ஒன்பதாவது பார்ல டி. அங்க இ4-ல ஒரே ஒரு நீளமான 'ப'. பத்தாவதுல ஊ4. பதினொண்ணுல வீட்டுக்கு வந்து இ2. பன்னிரண்டாவதுல இ1-க்கு இறங்கி நின்னா, 'இன்னும் முடியல, அடுத்த சுத்து வருது'ன்னு கேக்குறவங்களுக்கே தெரிஞ்சிடும். ஆச்சு! ஒரே லிக்கை வெச்சு முழு 12 பார் தாண்டிட்டீங்க. போன்ல ரெக்கார்டு பண்ணி மறுநாள் கேளுங்க. அன்னைக்கே கேட்டா எல்லாமே சூப்பரா இருக்கும்.

ஃபில்லுக்குக் காது வேணும்

லிக் தெரிஞ்சவன் எல்லாம் ஃபில் வாசிக்க முடியாது. ஏன்னா அது உங்க நேரம் இல்ல, பாடுறவரோட நேரம். ப்ளூஸ் பாட்டு பெரும்பாலும் மூணு வரி. முதல் வரி, அதே வரி இன்னொரு தடவை, அப்புறம் பதில் வரி. ஒவ்வொரு வரிக்கும் நாலு பார் ஒதுக்கீடு. ஆனா பாடுறவர் ஏறக்குறைய ரெண்டு பார்லயே முடிச்சிடுவார். நம்ம கணக்குல ஒரு ஆவர்த்தனம் பாட்டு, ஒரு ஆவர்த்தனம் காலி மனை. அந்த மனையிலதான் நாம குடிசை போடணும், பங்களா கட்டக் கூடாது.

எங்க மாடி ப்ளூஸ் இது, சொந்தத் தயாரிப்பு:

மெஸ்ஸுல இன்னைக்கும் உப்புமா, என் மனசெல்லாம் வேகுதே...
மெஸ்ஸுல இன்னைக்கும் உப்புமா, என் மனசெல்லாம் வேகுதே...
அம்மா கொடுத்த அதிரசம் அடுத்த ரூமுக்குப் போகுதே!

முதல் 'வேகுதே' முடிஞ்சதும் உடனே பாய்ஞ்சிடாதீங்க. ஒரு பீட் விடுங்க. அந்த வார்த்தை போய்ச் சேரட்டும். அப்புறம் சின்னதா ப ம க ச. அவ்வளவுதான், மிச்சத்தை கிடாருக்கு விட்டுடுங்க. ரெண்டாவது 'வேகுதே'வுக்கு வேற பதில், கொஞ்சம் நீளமா. பாடுறவர் வரியை முடிச்ச விதத்தையே வாலாப் பிடிச்சுக்கலாம், கச்சேரியில வயலின்காரர் ஆலாபனையைப் பின்தொடர்ந்து வாசிக்கிறாரே அந்த மாதிரி. அவர் மேல போய் முடிச்சா நாம கீழ முடிக்கிறது எனக்குப் பிடிச்ச வழி. மூணாவது 'போகுதே'வுக்கு அப்புறம்தான் பதினொண்ணு, பன்னிரண்டாவது பார். அங்க வாயைத் திறந்து பேசலாம். எந்த ஃபில்லா இருந்தாலும் பாடுறவர் அடுத்த வரிக்கு மூச்சு எடுக்குறதுக்கு முன்னாடி முடிஞ்சிருக்கணும். அவரோட தோளைப் பாருங்க, மூச்சு இழுக்கும்போது உயரும். அதுதான் சிக்னல்.

இதுல சூரன் யாருன்னா ரைஸ் மில்லர்ங்கற ரெண்டாவது சன்னி பாய் வில்லியம்சன். ஆர்கன்சா மாநிலத்துல ஹெலினாங்கற ஊர் ரேடியோவுல 1941-லேர்ந்து வாசிச்சவர். பாடுறதும் அவரே, வாசிக்கிறதும் அவரே. ஒரே வாயை வெச்சுக்கிட்டு ரெண்டையும் ஒண்ணாப் பண்ண முடியாதே! அதனால குரல் ஒரு வரி சொல்லும், பெட்டி பதில் சொல்லும். கேக்குறப்போ ரெண்டு பேர் திண்ணையில உக்காந்து பேசிக்கிற மாதிரியே இருக்கும்.

இந்தக் கேள்வி-பதில் எங்கேர்ந்து வந்துச்சு? அடிமையாவும், அப்புறம் குத்தகைக் கூலியாவும் வயல்ல வெந்தவங்க, ஒருத்தர் குரல் கொடுக்க மத்தவங்க திருப்பிச் சொன்ன வேலைப் பாட்டுலேர்ந்து. நமக்கு இது அன்னியமா? வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் நடவுக்குப் போன உங்க அப்பத்தாகிட்ட கேளுங்க. ஒருத்தர் வரி எடுத்துக் கொடுக்க, வரிசையா குனிஞ்சு நிக்கிறவங்க வாங்கிப் பாடுவாங்க. நடுவுல குலவை! வரிக்கும் வரிக்கும் இடையில சரியான இடத்துல விழற அந்தக் குலவை ஃபில் இல்லாம வேற என்ன? எந்தக் கிளாஸ்லயும் சொல்லித் தராமலே அவங்களுக்கு இடம் தெரிஞ்சிருந்தது, ஏன்னா ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கிட்டே வேலை பார்த்தாங்க. பருத்தியும் நமக்குப் புதுசில்ல. மிசிசிப்பிக்காரங்க பருத்தியில ப்ளூஸ் எடுத்தாங்க, நாம பருத்திப்பால் எடுத்தோம்!

நம்ம நாட்டுல இதெல்லாம் நடக்குற காரியமான்னு கேக்குறவங்களுக்கு ஒரு தகவல். ஷில்லாங்ல 2003-ல ஆரம்பிச்ச 'சோல்மேட்' பேண்டு, 2007-ல மெம்ஃபிஸ்ல நடந்த உலக ப்ளூஸ் போட்டி வரைக்கும் போய் வாசிச்சிட்டு வந்துச்சு. மலைமேல இருக்குற ஷில்லாங்குக்கு முடியும்னா, வைகைக்கரை மட்டும் என்ன இளப்பமா?

கடைசியா, பாட்டை முடிக்கிறது. பல மாடிக் கச்சேரிகள் கேவலமாப் போறது இங்கதான். ஆளுக்கொரு இடத்துல நிறுத்துவாங்க. முன்னாடியே பேசி வெச்சுக்குங்க. கடைசிச் சுத்துல பதினோராவது பார் முதல் பீட்டோட எல்லாரும் கப்சிப். உங்களுக்கு மட்டும் தனியா மூணு பீட். அதுல ப ம க-ன்னு மெதுவா இறங்கி வாங்க. பன்னிரண்டாவது பார் முதல் பீட்ல 'ச'. அங்க எல்லாரும் திரும்பச் சேரணும். அப்போ நீங்க இ1, இ2, இ3, இ4 நாலு துளையையும் வாயை அகலமா வெச்சு ஒண்ணா இழுத்தா முழு ஜி கார்டு கிடைக்கும். கை மூடி, கை திறந்து, நெஞ்சுல இடம் இருக்குற வரைக்கும் பிடிங்க. இழுத்த மூச்சை மட்டும் மைக்குக்கு முன்னாடி விட்டுடாதீங்க, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குங்க.